வளவில் மாலை வெளிச்சம்: செட்டிநாட்டு வீடொன்றின் விளக்கமைப்பு மாற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், கட்டி ஏறத்தாழ நூறாண்டு ஆன நகரத்தார் வீடு ஒன்றில் விளக்குகளை இடம் மாற்றியும் வகை மாற்றியும் அமைத்ததன் விவரம் இங்கே பதிவாகிறது. வீட்டாரின் இசைவோடு எழுதினாலும் அவர்களுடைய தனிமையைக் கருதி ஊரின் பெயரையும் குடும்பத்தின் பெயரையும் விட்டிருக்கிறேன். உள்ளக விளக்கமைப்பைத் தொழிலாகக் கொண்ட என்னை அவர்கள் அழைத்தபோது கேட்டது ஒன்றுதான்: பட்டாலை என்னும் முன்கூடத்திலும் வளவு என்னும் உள்முற்றப் பகுதியிலும் வெளிச்சம் போதவில்லை, இன்னும் சில ட்யூப் லைட் போட்டுத் தர வேண்டும். வீட்டைப் பார்த்து, மாலை முழுவதும் அங்கேயே இருந்து, வெளிச்சத்தின் அளவை லக்ஸ் என்னும் அலகில் காட்டும் மீட்டரால் அளந்த பிறகு நான் வந்த முடிவு வேறாக இருந்தது. அந்த வீட்டில் இருட்டிய பின் ஒருவரும் ஓய்வாக உட்கார முடியாமல் போனதற்கு வெளிச்சக் குறைவு காரணமாக இல்லை. வெளிச்சம் எங்கிருந்து புறப்படுகிறது, எதன்மேல் விழுகிறது, எந்த வேளையில் எந்த நிறத்தோடு கண்ணை அடைகிறது என்னும் மூன்றுமே பிசகியிருந்தன. வெளிச்சத்தைக் குறைத்து மஞ்சளாக்கினால் மனம் அமைதியடையும் என்று பரவலாகச் சொல்லப்படும் எளிய தீர்வும் அந்த வீட்டுக்குப் பொருந்தவில்லை. அங்கே குடியிருப்பவர் எழுபது வயதின் பிற்பகுதியில் இருக்கும் ஓர் ஆச்சி என்பதே காரணம்.

வீடும் குடியிருப்பும்

வீடு கிழக்கு மேற்காக, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெரு வரை நீள்கிறது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று அடுத்தடுத்து வரும் பகுதிகளின் வாசல்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதால், முகப்பில் நிற்பவருக்குப் பின்வாசல் வரை பார்வை செல்லும். வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றித் தேக்குத் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டிப் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வோர் இணைக்கும், ஓர் அறை. சுவர்கள் சுண்ணாம்போடு முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் கைவைத்தால் வழுக்கும் அளவுக்குப் பளபளப்பானவை. தரையில் ஆத்தங்குடிக் கல். பட்டாலையின் இரு பக்கமும் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடிகள், அவற்றுக்கு மேலே உத்தரத்தை ஒட்டிச் சற்றே முன்சாய்த்து மாட்டிய முன்னோர் படங்களின் வரிசை.

இந்தப் பொருள்களை வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மெருகேற்றிய சுவர், எண்ணெய் போட்டுத் துடைத்த கல், நிலைக்கண்ணாடி, படங்களின் மேல் கண்ணாடி ஆகிய எல்லாமே ஒளியைச் சிதறாமல் அப்படியே திருப்பி அனுப்புபவை. மறுபுறம் கறுத்துப்போன தேக்கு உத்தரமும் மரக்கூரையும் விழும் ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்பவை. பளபளப்பும் கருமையும் இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்திருக்கும் அறையில் ஒரே ஒரு விளக்கைத் தவறாக மாட்டினாலும் அதன் விளைவு பல மடங்காகத் தெரியும்.

வீடு பங்காளிகள் ஐவருக்குப் பொது. நால்வர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். ஒரு பங்குக்குரிய ஆச்சி மட்டும் துணைக்கு ஒரு பெண்ணோடு நிலையாகத் தங்கியிருக்கிறார். சென்னையிலிருக்கும் மூத்த மகன் அடிக்கடி வந்துபோகிறார். சிங்கப்பூரிலிருக்கும் இளையவர் குடும்பத்தோடு வருவது பெரும்பாலும் மார்கழியில், பிள்ளையார் நோன்பை ஒட்டி. பொதுச் சொத்து என்பதால் உத்தரத்திலோ தூணிலோ துளை போடக் கூடாது, சுவரைக் கொத்தக் கூடாது, பிற்காலத்தில் கழற்றினால் தடம் தெரியக் கூடாது என்று மூத்தவர் முதலிலேயே சொல்லிவிட்டார். இந்தக் கட்டுப்பாடு வேலையைக் கடினமாக்கவில்லை. என்ன செய்யலாம் என்பதைத் தெளிவாக்கியது என்றே சொல்வேன்.

முறையீடுகள்

ஆச்சியின் முறையீடு மூன்று. மாலையில் பட்டாலையில் உட்கார்ந்தால் கண் கூசுகிறது, சிறிது நேரத்தில் தலை கனக்கிறது. பட்டாலையிலிருந்து வளவுக்கு இறங்கும் படி தெரிவதில்லை. ஒருமுறை கால் இடறித் தூணைப் பிடித்துத் தப்பியிருக்கிறார். இரவில் வெகுநேரம் தூக்கம் வருவதில்லை. மகன்கள் சொன்னது இன்னொரு பக்கம்: வந்திருக்கும் நாள்களில் விளக்கு வைத்த பிறகு யாருமே வளவில் இருப்பதில்லை, பிள்ளைகள் ஏசி அறைக்குள் போய்விடுகிறார்கள், பெரியவர்கள் திண்ணைக்குப் போய்விடுகிறார்கள், ஆச்சி தனியாகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறார். வீடு இருட்டாக இருப்பதுதான் காரணம் என்று எண்ணி, ஆண்டுக்கு ஒன்றிரண்டாக ட்யூப் லைட்டைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கூட்டக் கூட்ட முறையீடு குறையவில்லை.

இவற்றுள் தலைக்கனமும் தூக்கமின்மையும் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியவை. ஆச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை நீக்கி லென்ஸ் வைத்திருக்கிறார்கள். கண் மருத்துவரையும் பொது மருத்துவரையும் பார்த்து வேறு குறை இல்லை என்று தெரிந்த பிறகே விளக்கு வேலையைத் தொடங்கினோம்.

பகல்

இரவைப் பற்றிய முறையீட்டுக்குப் பகலிலிருந்து விடை தேட வேண்டியிருந்தது. உடம்பின் நாள்கணக்கு பகல் வெளிச்சத்தாலும் இரவின் இருளாலும் சேர்ந்தே சீராகிறது. விழித்திரையில் உருவத்தைக் காட்டும் கூம்புகளும் கோல்களும் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் உணர்ந்து மூளையின் நாட்கடிகாரத்துக்குச் சொல்லும் வேறொரு வகை உயிரணு உண்டு என்பது 2002-இல் உறுதியானது. அதிலுள்ள மெலனாப்சின் என்னும் நிறமி 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கே மிகுதியாக இணங்கும். இந்த நிறமியின் உணர்வுக்கேற்ப லக்ஸைக் கணக்கிடும் முறையைப் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் (CIE) 2018-இல் வகுத்தது. அந்தக் கணக்கின்படி பகலில் கண்ணளவில் குறைந்தது 250 லக்ஸ், படுக்கப்போகும் முன் மூன்று மணி நேரம் 10 லக்ஸுக்கு மிகாமல், தூங்கும்போது 1 லக்ஸுக்கு மிகாமல் இருப்பது நல்லது என்று பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2022-இல் பரிந்துரைத்தார்கள்.

வானம் பார்த்த முற்றம் உள்ள வீட்டில் பகலில் 250 லக்ஸ் எளிதாகக் கிடைக்க வேண்டும். மேகம் மூடிய பகலிலும் வெட்டவெளியில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். காரைக்குடி வட அகலக்கோடு 10 பாகையை ஒட்டியிருப்பதால் சித்திரைத் தொடக்கத்தில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் விழுகிறது. மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே 57 பாகை உயரத்தில் நிற்க, வெயில் முற்றத்தைத் தாண்டி வடக்குத் தாழ்வாரத்துத் தூண்களைத் தொடுகிறது. ஆண்டு முழுவதும் வெயில் நகரும் இந்தப் பாதையை அறிந்தே கட்டியவர்கள் தாழ்வாரத்தை ஆழமாக இறக்கியிருக்கிறார்கள்: வெயில் உள்ளே வராது, வெளிச்சம் வரும்.

அந்த வீட்டில் வெளிச்சமும் வரவில்லை. குரங்குத் தொல்லைக்கும் மழைச் சாரலுக்கும் அஞ்சி, முற்றத்தின் மேல் பச்சை நிற ஃபைபர் தகடு போட்டு முழுவதுமாக மூடியிருந்தார்கள். தகட்டில் தூசியும் பாசியும் படிந்து, வளவு முழுவதும் பகலில் பச்சையாக மங்கிக் கிடந்தது. மனிதர் முகம் சோகை பிடித்தாற்போலத் தெரிந்தது. ஆத்தங்குடிக் கல்லின் செம்மையும் மஞ்சளும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. போதாதென்று, எழுந்து வெளியேற வழியில்லாத வெப்பம் தகட்டுக்கு அடியிலேயே தங்கியது. வெக்கைக்குப் பயந்து ஆச்சி காலை முதலே இரண்டாங்கட்டின் உள்ளறையில் உட்காரத் தொடங்கியிருந்தார். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், கண்ணளவில், முற்பகலில் அளந்தபோது 60 லக்ஸை ஒட்டித்தான் இருந்தது. பகலில் பகல் போதாமலும், இரவில் இரவு போதாமலும் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

இரவு

பட்டாலை உத்தரத்தில் 20 வாட் எல்இடி ட்யூப் மூன்று, வளவுத் தாழ்வாரத்தில் நான்கு, இரண்டாங்கட்டின் வாசலுக்கு நேரே ஒன்று. எல்லாம் உறையில்லாமல் வெறுமனே தெரிபவை. எல்லாம் 6500 கெல்வின் என்று அட்டையில் அச்சிட்ட வெள்ளை. நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே கையில் கொடுக்கப்படுவது இந்த நிறம்தான். வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பது உண்மையில் ஒரு நீல ஒளிச் சில்லு. அதன்மேல் பூசிய மஞ்சள் பொருள் நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. பூச்சு எவ்வளவு மாற்றுகிறதோ அதற்கேற்ப 6500, 4000, 2700 கெல்வின் என்று நிறம் மாறும்; எண் குறையக் குறைய நீலம் குறைந்து மஞ்சள் மிகும். ஒரே லக்ஸ் அளவில், 2700 கெல்வின் விளக்கு மெலனாப்சினைத் தூண்டுவது 6500 கெல்வின் விளக்கு தூண்டுவதில் பாதிக்கும் குறைவு.

பட்டாலை சோபாவில் ஆச்சியின் கண்ணளவில் இரவு எட்டு மணிக்கு 120 லக்ஸ் இருந்தது. பெரும்பாலும் நீலம் மிகுந்த ஒளி என்பதால், மெலனாப்சின் கணக்கிலும் ஏறத்தாழ அதே அளவு; 2022 பரிந்துரையின் மாலை வரம்பைப் போலப் பத்து மடங்குக்கு மேல். படுக்கும் நேரம் வரை அவர் அதற்குக் கீழேதான் இருந்தார். மேலிருந்து வரும் ஒளி விழித்திரையின் கீழ்ப்பாதியில் விழுகிறது. அந்தக் கீழ்ப்பாதியில் படும் ஒளியே தூக்கத்துக்குத் துணைசெய்யும் மெலடோனின் சுரப்பைக் கூடுதலாகத் தடுக்கிறது என்பதை 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. எனவே உத்தரத்தில் மாட்டிய விளக்கு, அளவிலும் நிறத்திலும் மட்டுமின்றித் திசையிலும் இரவுக்கு ஒவ்வாததாக இருந்தது.

இவ்வளவு வெளிச்சம் கண்ணில் விழுந்தும் வெளிச்சம் போதவில்லை என்று அவர்கள் சொன்னது ஏன்? என்னைப் பொறுத்தவரை இந்த வீட்டின் மையமான செய்தி இதுதான். மனிதர் ஓர் அறையை வெளிச்சமானதென்றோ இருட்டானதென்றோ தீர்மானிப்பது தரையில் விழும் லக்ஸை வைத்து இல்லை. உட்கார்ந்து நேரே பார்க்கும்போது தெரியும் சுவர்களையும் கூரையையும் வைத்துத்தான். அந்த ட்யூப்கள் கூரைக்கு எதையும் தரவில்லை; கறுத்த தேக்கு இருளாகவே தலைக்கு மேல் தொங்கியது. சுவரின் கீழ்ப்பகுதி மட்டும் வெளிறித் தெரிய, மேலே இருட்டு, நடுவில் கண்ணைக் குத்தும் வெள்ளைக் கோடுகள். கண்ணின் பாவை அந்தப் பிரகாசமான கோடுகளுக்கேற்பச் சுருங்கிக்கொள்வதால், மற்ற இடமெல்லாம் இன்னும் இருண்டு தெரிகிறது. ட்யூபைக் கூட்டினால் கோடுகள் கூடும், பாவை மேலும் சுருங்கும், இருட்டும் கூடியதாகவே தோன்றும். ஒவ்வொரு கோடும் எதிர்ச் சுவர்ப் பூச்சில் ஒருமுறை, நிலைக்கண்ணாடியில் ஒருமுறை, சாய்ந்து நிற்கும் படங்களின் கண்ணாடியில் ஒருமுறை, தரைக் கல்லில் ஒருமுறை என்று திரும்பத் திரும்பத் தெரிந்தது. வாசல்கள் நேர்கோட்டில் இருப்பதால் இரண்டாங்கட்டு விளக்கு பட்டாலையில் இருப்பவர் கண்ணுக்கு நேராக, இருண்ட நிலைச் சட்டத்தின் நடுவே எரிந்தது. ஆச்சியின் கண்கூச்சத்துக்குப் பெரும்பங்கு காரணம் அவருக்கு அருகிலிருந்த விளக்குகூட இல்லை; மூன்று வாசல் தாண்டி எரிந்த அந்த ஒற்றை ட்யூப்தான்.

படியும் இதே காரணத்தால் தெரியாமல் போனது. 60 வயதைக் கடந்தவரின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பது கண்ணியலில் பலகாலமாகச் சொல்லப்படும் கணக்கு; பாவை சிறுத்துவிடுவதும் லென்ஸ் மஞ்சளித்துவிடுவதும் காரணம். ஆச்சிக்குப் புரை நீக்கிப் புது லென்ஸ் வைத்ததால் லென்ஸின் மங்கல் நீங்கியிருந்தாலும், சிறுத்த பாவையும் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழகுவதில் உள்ள தாமதமும் அப்படியே இருந்தன. பளிச்சென்ற பட்டாலையிலிருந்து நிழல் விழும் படிக்கு அவர் கால் வைக்கும் நேரத்தில் கண் இன்னும் பழகியிருக்காது. முதியவருக்கு ஓய்வான வெளிச்சம் என்றால் அது குறைந்த வெளிச்சம் என்று கொள்வது ஆபத்தானது. கண்ணில் குறைவாகவும், கால் வைக்கும் இடத்திலும் கை வேலை செய்யும் இடத்திலும் கூடுதலாகவும் வெளிச்சம் வேண்டும். இரண்டையும் ஒரே விளக்கால் செய்ய முடியாது.

செய்த மாற்றங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், ஒன்றைச் செய்து வீட்டார் சில வாரம் பழகிய பின் அடுத்ததைத் தொட்டோம். முதல் மாற்றத்துக்குச் செலவே இல்லை: இரண்டாங்கட்டு ட்யூபை வாசலின் நேர்கோட்டிலிருந்து விலக்கி, பட்டாலையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி நிலைக்குப் பக்கவாட்டில் ஏற்கெனவே இருந்த பலகையில் மாட்டினோம். அன்று மாலையே ஆச்சி சோபாவில் முகம் திருப்பாமல் நேரே பார்த்து உட்கார்ந்தார்.

அடுத்தது சுவர். 1970-களில் அமெரிக்காவில் ஜான் ஃப்ளின் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் ஒரே அறையைப் பலவகை விளக்கமைப்பில் மக்களுக்குக் காட்டி, எது ஓய்வுணர்வைத் தருகிறது என்று கேட்டறிந்தார்கள். தலைக்கு மேலிருந்து சீராகப் பொழியும் வெளிச்சத்தைவிட, சுவர்களில் விழும், இடத்துக்கு இடம் ஏற்றத்தாழ்வுள்ள வெளிச்சமே ஓய்வானதாக உணரப்பட்டது. செட்டிநாட்டு வீடுகளில் சுவர் உச்சியில் ஓடும் மரப்பலகை விளிம்பு இதற்கென்றே அமைந்தது போல உதவியது. பலகையின் மேல், கீழிருந்து தெரியாதபடி, 2700 கெல்வின் எல்இடி பட்டையை அலுமினியச் சட்டத்தில் வைத்துப் படுக்கவைத்தோம். ஆணியும் துளையும் இல்லை. ஒளி மேல்நோக்கிச் சென்று உத்தரத்தையும் அதன் செதுக்கு வேலைகளையும் தொட்டு, மீதி சுவரில் மெல்ல இறங்கியது. இங்கே ஒரு நுட்பம் உண்டு: சாதாரண மட்டச் சுவரில் விளக்கைச் சுவரை ஒட்டிவைத்துக் கீழ்நோக்கி வீசலாம், முட்டைப்பூச்சுச் சுவரில் அப்படிச் செய்தால் பட்டையின் ஒவ்வொரு புள்ளியும் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரியும். அதனால்தான் ஒளியை முதலில் மரத்துக்கு அனுப்பினோம். மரம் நிறைய உறிஞ்சும் என்பதால் பட்டையின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. அதனால் பட்டையின் மின்செலவு சற்றே ஏறினாலும் முந்தைய ட்யூப்களின் மொத்தச் செலவைத் தாண்டவில்லை.

மூன்றாவது, தாழ்வான விளக்குகள். மின்சாரம் வருமுன் இந்த வீடுகளில் மாலை வெளிச்சம் விளக்கு மாடத்திலிருந்தும், குத்துவிளக்கிலிருந்தும், தரையில் வைத்த அரிக்கேனிலிருந்தும் வந்தது. உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்திலோ அதற்குக் கீழோ இருந்து எழுந்தது. பட்டாலையிலும் வளவிலும் வெறுமையாகக் கிடந்த மாடங்களில் உறையிட்ட சிறு விளக்குகளை வைத்தோம். ஆச்சியின் நாற்காலிக்குப் பின்னே, தோளுக்கு மேலாகப் பக்கத்தில் விழும்படி, நிறத்தைச் சரியாகக் காட்டும் ஒரு வாசிப்பு விளக்கு. தேவாரம் படிக்கும்போது அவருக்குத் தாளின்மேல் 500 லக்ஸுக்குக் குறையாமல் கிடைக்கிறது, கண்ணில் எதுவும் விழுவதில்லை. படியின் விளிம்புக்குக் கீழே, ஆள் வந்தால் தானே எரியும் செம்மஞ்சள் விளக்கு. இரவில் குளியலறைக்குப் போகும் வழியிலும் அதே வகை. அடுப்படியை மட்டும் தொடவில்லை. அரிசியில் கல் பார்க்கவும் கத்தியைக் கையாளவும் அங்கே 4000 கெல்வினில் தாராளமான வெளிச்சம் வேண்டும்.

இடையில் ஒரு தடங்கல். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க மின்பணியாளர் பழைய ஃபேன் ரெகுலேட்டர் வகைத் திருகியைப் பொருத்தியிருந்தார். குறைத்தபோதெல்லாம் விளக்கு நடுங்கியது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால், தரமில்லாத எல்இடி நொடிக்கு 100 முறை மங்கி எழும். கண் அதை வெளிப்படையாகக் காணாவிட்டாலும் சிலருக்குத் தலைவலியும் கண்சோர்வும் வரும். கைப்பேசி கேமராவை விளக்குக்கு நேரே பிடித்தால் திரையில் கறுப்புக் கோடுகள் ஓடுவதைக் கொண்டு யாரும் வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். திருகியை நீக்கி, பட்டைக்கேற்ற டிரைவரும் (எல்இடிக்குச் சீரான மின்னோட்டம் தரும் கருவி) அதற்குரிய டிம்மரும் வைத்ததும் நடுக்கம் நின்றது. பழைய மரச்சட்ட வயரிங்கை அந்தச் சாக்கில் சோதித்து, எர்த் இல்லாத இடங்களில் எர்த் கொடுத்து, கசிவு மின்சாரத்தை உணர்ந்து துண்டிக்கும் கருவியைப் பொருத்தினோம். நூறாண்டு வயதுடைய காய்ந்த மரத்தின் மேல் விளக்கு வைப்பவர் இதைச் செய்யாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

கடைசியாக முற்றத்தின் தகடு. பங்காளிகள் நால்வரின் இசைவு வர வேண்டியிருந்ததால் இதற்குத்தான் அதிக காலம் ஆனது. பச்சைத் தகட்டை எடுத்துவிட்டு, குரங்கு நுழையாத கம்பி வலை முழுமைக்கும் போட்டு, அதற்கு மேலே ஓரடி உயரத்தில், நாற்புறமும் காற்று வெளியேற இடைவெளி விட்டு, நிறமில்லாத தகடு வைக்கப்பட்டது. ஆச்சியின் காலை நாற்காலி இரண்டாங்கட்டிலிருந்து கிழக்குத் தாழ்வாரத்துக்கு, வானம் தெரியும் இடத்துக்கு வந்தது. அங்கே முற்பகலில் கண்ணளவில் 250 லக்ஸைக் காட்டிலும் எப்போதும் கூடுதலாகவே இருக்கிறது.

ஏற்பும் எதிர்ப்பும்

சுவர் விளக்குகள் எரிந்த முதல் மாலையில் ஆச்சிக்குப் பிடிக்கவில்லை. "என்ன தம்பி, கரண்டு போன வீடு மாதிரி இருக்கு. நாலு பேரு வந்தா என்ன நெனைப்பாக?" என்றார். இதை வயதானவரின் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. வரிசை வரிசையாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு நடுவே, தெருவிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும் முகப்புதான் இங்கே ஆள் இருக்கிறார்கள் என்று சொல்கிறது. விளக்கு எரியாத வீடு ஊராருக்குப் பூட்டிய வீடு. ஓய்வுணர்வு என்பது கண்ணின் வேலை மட்டும் என்று எண்ணுகிறவர்கள் இந்த இடத்தில் தவறிவிடுவார்கள். தன் வீடு ஊர் முன்னிலையில் மதிப்போடு நிற்கிறது என்ற உறுதி இல்லாமல் அந்த ஆச்சியால் உள்ளே நிம்மதியாக உட்கார முடியாது. முகப்பில் பழைய பால் கண்ணாடிக் கோளங்கள் நான்கும் பழுதுபார்க்கப்பட்டு, திண்ணை முழுவதும் வெளிச்சமாகும்படி பெரிய பல்புகளோடு எரியவிடப்பட்டன. தெருவுக்கு வீடு முன்பைவிடப் பிரகாசமானது. அதன்பிறகு உள்ளே மங்கல் என்று அவர் சொல்லவில்லை; கூட்டம் வரும் நாள்களுக்காகப் பழைய ட்யூப்கள் உறையிடப்பட்டுத் தனி சுவிட்சில் இருப்பதும் அவருக்குத் தைரியம் தந்தது.

ஒளியின் அளவு குறைவாக இருந்தால் மஞ்சளான வெளிச்சமே இதமாகத் தோன்றும், வெண்ணீல வெளிச்சம் அளவு மிகுந்தால்தான் இதமாகும் என்று க்ரூய்தாஃப் என்ற டச்சு ஆய்வாளர் 1941-இல் ஒரு வளைகோட்டை வரைந்தார். பிற்காலச் சோதனைகள் அதை முழுமையாக உறுதிப்படுத்தவில்லை. இந்த வீட்டிலும் இருவர் இரண்டு விதமாகவே உணர்ந்தார்கள்: மூத்தவருக்கு 2700 கெல்வின் பிடித்துப்போனது, சிங்கப்பூரிலிருந்து வந்த மருமகளுக்கு அது மந்தமாகப்பட்டு, தங்கள் அறைக்கு 3500 கெல்வின் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு மஞ்சளே நல்லது என்று வாதிடுவதில் பொருளில்லை. கூச்சம் இல்லாமலும் சுவர் தெரியும்படியும் இருந்தால் நிறத்தில் விருப்பத்துக்கு இடம் உண்டு.

மார்கழிச் சஷ்டியன்று பிள்ளையார் நோன்பு வந்தது. கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள் நோற்று, 21 இழை சேர்த்த திரியை மாவில் வைத்து ஏற்றி, எரியும் சுடரோடு வாயில் இட்டுக்கொள்வது நகரத்தாரின் வழக்கம். சுடரின் நிறம் 1900 கெல்வினை ஒட்டியது. வெண்ணீல வெளிச்சத்தின் நடுவே அது அழுக்கு மஞ்சளாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மங்கிவிடும். முந்தைய ஆண்டுகளில் இழை எடுக்கும் நேரத்தில் ட்யூபை அணைத்துவிட்டு, இருட்டில் தடுமாறி, பிறகு மறுபடி போடுவார்களாம். இம்முறை சுவர் விளக்கைக் கால் பங்குக்குக் குறைத்ததே போதுமானதாக இருந்தது: முகங்கள் தெரிந்தன, படி தெரிந்தது, சுடர் சுடராகத் தெரிந்தது. நோன்பு முடிந்தும் குடும்பம் வளவிலேயே உட்கார்ந்திருந்ததை நான் நேரில் பார்த்தேன். பிள்ளைகள் தரையில் விரித்த ஜமுக்காளத்தில் தூங்கிவிட்டார்கள்.

விளைவும் மீதமும்

பட்டாலை சோபாவில் இப்போது இரவு எட்டு மணிக்குக் கண்ணளவில் 20 லக்ஸ் இருக்கிறது. மெலனாப்சின் கணக்கில் 9-ஐ ஒட்டும். படியின் விளிம்பில் முன்பைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கிறது. கண்கூச்சமும் தலைக்கனமும் பற்றி ஆச்சி இப்போது சொல்வதில்லை. படியில் தூணைப் பிடிக்காமல் இறங்குகிறார். தூக்கம் முன்னதாக வருகிறது என்கிறார். தூக்கத்தின் மாற்றத்தை மாலை விளக்குக்கு மட்டும் உரிமையாக்க மாட்டேன்: காலையில் வானம் பார்த்து உட்கார்வதும், மார்கழிக் குளிரும், வீட்டில் ஆள் நடமாட்டம் கூடியதும் ஒரே காலத்தில் சேர்ந்தன. கண்கூச்சத்தையும் படியையும் பற்றி அந்தத் தயக்கம் எனக்கு இல்லை. ட்யூபை விலக்கிய அன்றும், படி விளக்கு வைத்த அன்றும் மாற்றம் கண்ணெதிரே தெரிந்தது.

எதிர்பாராத ஒரு நன்மையும் சேர்ந்தது. மழை விட்ட மாலைகளில் ஈசல் கூட்டமாக வந்து ட்யூபில் மோதி வளவெல்லாம் சிறகாகிக் கிடக்கும். பூச்சிகள் நீலம் மிகுந்த ஒளியை நாடியே பெரும்பாலும் வருகின்றன. உள்ளே மஞ்சள் விளக்கு வந்தபின் ஈசல் முகப்புக் கோளங்களோடு நின்றுவிடுகிறது. அடுத்த மழைக்குள் அந்தக் கோளங்களுக்கும் 2700 கெல்வின் பல்பு மாற்ற வேண்டும். அளவைக் கூட்டினால் தெருவுக்குத் தெரியும் பிரகாசம் குறையாது என்று ஆச்சியிடம் ஒரு கோளத்தில் எரித்துக் காட்டிய பிறகு இசைந்திருக்கிறார்.

இரண்டாங்கட்டு இன்னும் இருண்டே கிடக்கிறது. அங்கே சுவர் உச்சியில் மரப்பலகை விளிம்பு இல்லை, கூரையும் தாழ்வு, முற்றம் சிறியது. தூண்களைச் சுற்றித் தோல்வார் கட்டி, அதில் மேல்நோக்கிய சிறு விளக்குகளைப் பொருத்தலாம் என்று வரைந்து கொடுத்திருக்கிறேன். துளை தேவைப்படாது, வேண்டாதபோது அவிழ்த்துவிடலாம். அந்தப் பகுதியில் அறையுள்ள பங்காளி பங்குனியில் ஊருக்கு வரும்போது பார்த்துச் சொல்வதாகத் தெரிவித்திருக்கிறார். அதுவரை அங்கே பக்கவாட்டுக்கு மாறிய அந்த ஒரு ட்யூபே எரிகிறது. அதன்மேல் பால் நிற உறை மட்டும் போட்டிருக்கிறோம்.